மெயின் இல்லாத கரண்ட்

என் வீட்டுக்காரர் அருள்குமாருக்குக் கிணற்று மோட்டாரைப் பிரித்துப் பூட்டத் தெரியும். அந்தத் தைரியத்தில் காரையும் பிரித்துவிடலாம் என்று நினைத்தார். ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஹைப்ரிட் கார், பின்சீட்டுக்கு அடியிலிருந்த பெரிய பேட்டரி படுத்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். உள்ளே இருபத்தெட்டுச் சின்னப் பேட்டரிக் கட்டைகள், கெட்டது ஒன்றே ஒன்று, அதற்கு எதற்கு மொத்தமும் என்று வீட்டுக்கு வந்து என்னிடம் கத்தினார். என்னவோ நான்தான் மாற்றச் சொன்ன மாதிரி.

எனக்கு ஒரே பயம்தான், இந்த மனுசன் செத்துக்கித்துப் போய்விடுவாரோ என்று. மோட்டாருக்கு மெயினை இறக்கினால் தீர்ந்தது. இதற்கு மெயினே கிடையாது. பேட்டரியை நடுவில் பிரிக்கிற ஆரஞ்சு நிறப் பிளக்கை உருவினாலும் இரண்டு பாதியிலும் நூறு நூறு வோல்ட் அப்படியே உட்கார்ந்திருக்கும், நடுவில் ஒரு கம்பி பட்டால் வெல்டிங் வைத்த மாதிரி ஆகிவிடும் என்று வீடியோ பார்த்து எனக்குச் சொன்னவரே இவர்தான். சொன்ன வாயோடு, "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கையில தொட்றாத புள்ளே, காஞ்ச மூங்கில்ல தள்ளி உடு" என்றார். எந்தப் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு வேலை வாய்க்கும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷெட்டில் சுவரோரமாக மேசை போட்டு அதன்மேல் பேட்டரியை ஏற்றினோம். மோதிரத்தையும் வாட்சையும் கழற்றினார். என் வளையல்களையும் கழற்ற வைத்தார். முழங்கை வரை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டார். வாளையார்ப் பக்கத்துப் பங்குனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே சட்டை தாங்குமா? அதையும் கழற்றி எறிந்தார்.

மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார், நான் எழுதினேன். பதினோராவது கட்டையில் முள் இறங்கிவிட்டது. "புடிச்சாச்சு பாத்தியா" என்றார். அதைக் கழற்றச் சுவர்ப் பக்கத்து நட்டைத் திருக வேண்டும். மேசையை இழுத்துப் போடச் சோம்பேறித்தனம். பேட்டரிக்கு மேலேயே குப்புற எட்டிக் குனிந்தார்.

அப்போதுதான் பார்த்தேன். கைலி தொப்பைக்குக் கீழே இறங்கியிருந்தது. வெள்ளி அரைஞாண் கொடி தொங்கியது. அதில் கோத்திருந்த பீரோ சாவி, கட்டைகளைக் கோத்திருக்கிற இந்தப் பக்கத்துச் செம்புப் பட்டைகளுக்கு இரண்டு விரல் மேலே ஆடியது. என் வளையலைக் கழற்ற வைத்த ஆளுக்கு இது நினைப்பிலேயே இல்லை. எங்கள் ஊர் ஆம்பளைக்கு அது நகையே இல்லை, தொப்புள் மாதிரி உடம்போடு வந்தது.

கத்தினால் துள்ளுவார். துள்ளினால் சாவி பட்டையில் விழும். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"ஏனுங்க," என்றேன், சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலில். "அப்படியே நில்லுங்க."

"என்ன புள்ளே? இப்பத்தான் நட்டு அசையுது."

"திரும்பாதீங்க. பின்னால வந்து தொடறேன், துள்ளிராதீங்க."

பின்பக்கம் போய்க் கொடிக்குள் விரலை விட்டு முறுக்கினேன். முன்னால் சாவி மேலேறி வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. "இப்ப மெதுவா பின்னால வாங்க." ஒரு அடி வந்தார். இன்னொரு அடி. மேசை விளிம்பைத் தாண்டிய பிறகுதான் குனிந்து பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"உள்ள சொருகிக்கறேன்."

"கழட்டுங்க."

தொப்பை போட்ட பிறகு அந்தக் கொக்கி திறப்பதே இல்லை. கட்டிங் பிளேயரை எடுத்தேன். பயந்துவிட்டார். "வேணாம் புள்ளே. பொணத்துக்குத்தான் அத அறுப்பாங்க. அம்மா பாத்தா என்ன ஆவறது?"

"எப்படியும் இன்னிக்கு அறுத்திருப்பாங்க. உசுரோட இருக்கறப்ப நானே அறுக்கறேன். வவுத்த எக்குங்க."

எக்கினார். அறுத்தேன். சாவியோடு கீழே விழுந்தது.

காலையிலிருந்து என்னை அதட்டிக்கொண்டிருந்த மனுசன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். "வேற ஏதாச்சும் இருக்குதான்னு பாரு" என்றார். காது, கழுத்து, கால் விரல்வரை பார்த்தேன். இடுப்பைச் சுற்றி வெயில் படாத வெள்ளைக் கோடு ஒன்று மட்டும் இருந்தது. அதைத் தொட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலில் மேசையை இழுத்துப் போடுங்கள் என்று அழுதுகொண்டே திட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, மறுபேச்சுப் பேசாமல் இழுத்தார்.