ஸ்டாக்வித்தைத் தாண்டிப் போன படகு

கால்வாயையும் ஆற்றையும் பிரிக்கும் கெட்பி மதகின் கதவுகள் திறந்ததும் க்ளெனிஸ் முதலில் பார்த்தது ஆற்றின் நிறத்தைத்தான். இத்தனை நாள் அவள் படகு ஓட்டிய கால்வாய்த் தண்ணீர் கருப்பு. பாசியும் வாத்துமாக அது பாட்டுக்குக் கிடக்கும். இந்த ட்ரென்ட் ஆறோ வண்டல் கரைந்து பழுப்பாக இருந்தது. அதுவும் தப்பான பக்கம் போய்க்கொண்டிருந்தது. கடலைப் பார்க்கப் போகவேண்டிய ஆறு, கடலிலிருந்து கிளம்பி உள்நாட்டைப் பார்த்து, அவசரமே இல்லாமல், ஆனால் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

"ஓதம் ஏறுது, கடல் தண்ணி உள்ள வருது. இனிமே அதுவே உங்களைக் கொண்டுபோயிடும்," என்றார் மதகுக்காரர், சுவரின் மேல் நின்றபடி. "வளைவு வந்தா மட்டும் உள்பக்கத்தை ஒட்டிப் போயிடாதீங்க. மணல் திட்டு இருக்கு." இதையெல்லாம் அவர் நாரிஸைப் பார்த்தே சொன்னார். நாரிஸ் படகின் முன்பக்கத்தில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட ஏன்யா சொல்றீங்க? நான் சமையக்காரன்," என்றான் அவன். "கேப்டன் பின்னாடி நிக்கிறா, பாருங்க."

மதகுக்காரர் திரும்பினார். நீளமான அந்தக் கால்வாய்ப் படகின் கோடியில், சுக்கான் தண்டைப் பிடித்துக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டின் எல்லா வாரையும் இறுக்கி மாட்டிக்கொண்டு, நரைத்த கூந்தலை அழுந்த வாரிய ஒரு அம்மாள் நின்றாள்.

"இதுக்கு முன்னால ஓத ஆத்துல ஓட்டியிருக்கீங்களாம்மா?"

"இல்ல. சவ வண்டி ஓட்டியிருக்கேன்."

அது உண்மை. தோர்ன் ஊரில் இருபது வருஷத்துக்கு மேல் அவள்தான் அமரர் ஊர்தி ஓட்டினாள். வீட்டு வாசலிலிருந்து தேவாலயம், தேவாலயத்திலிருந்து கல்லறை. மழையோ பனியோ, ஒரு நாளும் தாமதமில்லை; ஒரு திருப்பத்தையும் தவற விட்டதில்லை. "எம் பொண்டாட்டி வண்டியில ஏறினவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் குறை சொன்னதில்ல" என்று நாரிஸ் தன் கறிக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். இருவரும் வேலையை விட்டதும் 'டொரதியா' என்ற இந்தப் படகை வாங்கினார்கள். வீட்டை விட்டுவிட்டு இதிலேயே குடியிருந்தார்கள்.

அந்தக் குடித்தனமும் இன்றோடு முடிகிற மாதிரிதான் ஏற்பாடு. ஆற்றோரம் வெஸ்ட் ஸ்டாக்வித்தில் க்ளெனிஸின் அக்கா பெரில் இருக்கிறாள். கணவர் வில்ஃப் இறந்துபோன பிறகு கார் ஷெட்டை இடித்து அழகாக இரண்டு அறை கட்டியிருந்தாள், தங்கைக்கும் தங்கை புருஷனுக்கும். கிறிஸ்துமஸ் விருந்தில் அதைச் சொன்னபோது நாரிஸ் "பாக்கலாம்" என்றான். க்ளெனிஸ் "சரி" என்றாள். பெரில் மறுநாளே திரைச்சீலை வாங்கிவிட்டாள், மஞ்சள் கிளி போட்டது. இன்றைக்கு ஸ்டாக்வித் மதகுக்குள் படகை நுழைத்துக் கட்டிவிட்டு, பெரில் வீட்டில் மாட்டுக்கறி ரோஸ்ட் சாப்பிடவேண்டும். பிறகு படகை விற்பதற்கு ஆள் பார்க்கவேண்டும்.

ஆறு அவர்களை எடுத்துக்கொண்டது. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. இஞ்சினைக் கொஞ்சம்தான் முடுக்கியிருந்தாள். கரை மட்டும் கடகடவென்று பின்னால் போயிற்று. வெள்ளத்துக்குப் பயந்து இரண்டு பக்கமும் உயரமாக மண்மேடு போட்டிருந்தார்கள். அதனால் ஊர் தெரியவில்லை, வயல் தெரியவில்லை. மேட்டின் மேல் நின்ற மாடுகளும் ஆகாயமும்தான். எங்கேயோ ஒரு டிராக்டர் சத்தம் கேட்டது, ஆனால் டிராக்டர் இல்லை. ஒரு முழு மரம், வேரோடு, அவர்களுக்குப் பக்கத்திலேயே அதே வேகத்தில் மிதந்து வந்தது. கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்து போனதில், மரமும் படகும் நிற்பது போலவும் இங்கிலாந்துதான் நகர்ந்து போவது போலவும் இருந்தது.

"பயமா இருக்கா, கண்ணு?" என்று நாரிஸ் தேநீர்க் கோப்பையை நீட்டினான்.

"இருக்கு. நல்லாவும் இருக்கு."

ஸ்டாக்வித்தில் நுழைவது எப்படி என்று அவள் மனப்பாடம் செய்திருந்தாள். மதகு வலது கரையில் இருக்கும். அதை முதலில் தாண்டிப் போகவேண்டும். பிறகு படகை முழுசாகத் திருப்பி, ஏறுகிற ஓதத்துக்கு எதிராக முகம் வைத்து, ஆற்றோடு மல்லுக்கட்டி மெதுவாகத் திரும்ப வந்து நுழையவேண்டும். செங்கல் வீடுகளும் தேவாலயக் கூரையும் தெரிந்தன. மதகுச் சுவரில் பெரில் நின்றுகொண்டு, சமையலறைத் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்ப திருப்பு!" என்று கத்தினான் நாரிஸ்.

"இன்னும் கொஞ்சம் போகட்டும்."

அந்தக் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அவள் சுக்கானை முழுசாகத் தள்ளியபோது படகு குறுக்கே விழுந்தது. ஓதம் அதன் வயிற்றில் தோளைக் கொடுத்துத் தள்ளியது. உள்ளே தட்டுகள் சரிந்து உடைந்தன. ஒருவழியாக முகம் திரும்பிவிட்டது. ஊரும் மதகும் அக்காவும் இப்போது நேர் எதிரே. க்ளெனிஸ் இஞ்சினை முழு வேகத்துக்கு முடுக்கினாள். பின்னால் தண்ணீர் கொதித்தது. படகு முழு மூச்சோடு ஊரைப் பார்த்து ஓடியது. ஆனால் ஊரோ தள்ளிப் போயிற்று. முன்னால் ஓட ஓட அவர்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். கனவில் ஓடினால் இடம் நகராதே, அந்த மாதிரி. க்ளெனிஸ் ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள்; பெரில் துண்டை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். அவள் ஒரு பொம்மை அளவு ஆனாள். அப்புறம் விரல் அளவு.

"இஞ்சின் சூட்டு முள்ளு சிவப்புல நிக்குது, க்ளெனிஸ்! புகையுது!" நாரிஸ் உள்ளே இருந்து அலறினான்.

ரேடியோ கரகரத்தது. "டொரதியா, ஸ்டாக்வித் மதகு பேசறேன். விட்டுடுங்கம்மா. இஞ்சினை வேகவச்சு யாரும் தின்னப் போறதில்ல. திரும்பி ஓதத்தோடயே அடுத்த மதகு டார்க்ஸிக்குப் போயிடுங்க. அங்க போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"எங்கக்கா அங்க நிக்கிறாங்களா?"

"நிக்கிறாங்க. என்கிட்ட கேக்கறதுக்கு நிறைய கேள்வி வச்சிருக்காங்க."

க்ளெனிஸ் இஞ்சினைத் தணித்தாள். படகைத் திருப்பினாள். இந்தத் தடவை ஆறு எதிர்க்கவில்லை. தானே மூக்கைப் பிடித்துச் சுற்றிவிட்டது. ஒரு வளைவு வந்தது, ஸ்டாக்வித் மறைந்தது. உடனே அவ்வளவு அமைதி. சுக்கானை இறுக்கியிருந்த பிடியை அவள் தளர்த்தினாள். பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அது என்ன என்று பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சந்தோஷம்.

"ரோஸ்ட் போச்சு," என்றான் நாரிஸ், உடைந்த தட்டுகளோடு வந்து.

"ஆமா."

"நீ ஒரு திருப்பத்தையும் விட்டதில்லைன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

"இனிமே சொல்லாத."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு முன்பக்கம் போய் உட்கார்ந்தான். ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றுவிட்டு வெயிலில் அப்படியே தூங்கிப்போனான்.

அதன் பிறகு அவளும் ஆறும் மட்டும். கெயின்ஸ்பரோவின் கல் பாலம் மெதுவாக வந்து, குளிர்ந்த வளைவால் அவளை மூடி, மறுபடி வெயிலில் விட்டது. தண்ணீருக்கு மேல் ஒரு நாயின் தலை தெரிந்தது. ஐயோ பாவம் என்று நினைப்பதற்குள் அது மீசையைச் சிலிர்த்துக்கொண்டு மூழ்கியது. கடல்நாய். மீனைத் துரத்திக்கொண்டு இவ்வளவு தூரம் ஓதத்தில் ஏறி வந்திருக்கிறது. மின்நிலையத்தின் பருத்த கோபுரங்கள் முதலில் இடப்பக்கம் தெரிந்தன. ஆறு வளைந்தது, வலப்பக்கம் தெரிந்தன. இன்னொரு வளைவில் பின்னால். பிறகு பார்த்தால் மறுபடி எதிரே, ஒன்றும் தெரியாதது போல நின்றன. திசை என்பதே கழன்று விழுந்துவிட்டது. சுக்கானைப் பிடித்திருக்கிறோமா, அது நம்மைப் பிடித்திருக்கிறதா என்றுகூட இப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ஊர்தி ஓட்டிய நாட்களில் கண்ணாடியில் எப்போதும் பின்னால் கார்கள் வரும். அழுத முகங்கள், கருப்புத் தொப்பிகள். அவர்களைப் பார்த்துக்கொண்டே, அவர்களுடைய வேகத்துக்கு ஓட்டவேண்டும். இங்கே அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. யாருக்கும் அவள் தேவைப்படவில்லை. அது இவ்வளவு இதமாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஓதம் தளர்ந்தது. ஆற்றின் மேல் இருந்த நெளிவெல்லாம் ஒவ்வொன்றாக அழிந்து, தண்ணீர் தட்டு மாதிரி ஆயிற்று. நாரிஸ் கொட்டாவி விட்டுக்கொண்டு பின்பக்கம் வந்தான்.

"எனக்கு அங்க போக வேணாம், நாரிஸ்," என்றாள் அவள்.

"எங்க, டார்க்ஸிக்கா?"

"பெரில் வீட்டுக்கு."

அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப கிறிஸ்துமஸுக்கு ஏன் சரின்ன?"

"நீ பாக்கலாம்னியே. உனக்கு ஆசைன்னு நெனச்சேன்."

"கடையில கடன் கேக்கறவங்க எல்லார்கிட்டயும் நான் பாக்கலாம்னுதான் சொல்லுவேன். ஒருத்தருக்காவது குடுத்திருக்கேனா?" என்றவன் கொஞ்சம் நிறுத்தினான். "ஆனா பெரில் வீட்டுக் குளிக்கிற தொட்டி மேல எனக்கு ஆசைதான் கண்ணு. பொய் சொல்லல. இந்த முட்டியை வச்சுக்கிட்டு படகுல அந்த அலமாரி அளவு அறைக்குள்ள நின்னு குளிக்கிறது பெரும்பாடு."

"அது எனக்குத் தெரியாதே."

"நீ கேக்கல. நானும் சொல்லல."

டார்க்ஸியில் மதகுக்கு வெளியே மிதவைப் பாலம் இருந்தது. அசையாத தண்ணீரில் அவள் அதை நோக்கிப் போய், கடைசியில் மூக்கால் ஒரு இடி இடித்து நிறுத்தினாள். பாலத்தின் மேல் பெரில் நின்றாள். சாலையில் காரில் வந்தால் பக்கம்தான். கையில் துண்டு சுற்றிய பெரிய தட்டு.

"கை காட்டிட்டுப் போறா!" என்றாள் பெரில், வணக்கம்கூடச் சொல்லாமல். "கூடப் பொறந்தவ சுவத்து மேல நிக்கிறேன், ராணி மாதிரி கையைக் காட்டிட்டுப் பின்னாலயே போறா! நீ வேணும்னுதானே பண்ணின?"

"இல்ல பெரில். நெஜமாவே திருப்ப முடியல."

"அப்புறம் ஏன் சிரிக்கிற?"

க்ளெனிஸ் இறங்கி, கயிற்றைக் கட்டினாள். முடிச்சைப் போட்டுவிட்டு, முடிச்சைப் பார்த்தபடியே சொல்லிவிட்டாள். நாங்கள் அங்கே குடி வரவில்லை, படகை விற்கவில்லை, கிறிஸ்துமஸ் அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும், என் தப்பு.

பெரில் கத்துவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் கத்தவில்லை. ரோஸ்ட் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மிதவைப் பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழுத்தமான பெண், புருஷன் சாவில்கூட மாலைகளை எண்ணிக்கொண்டு நின்றவள்.

"உங்களுக்கு வீடு இல்லையேன்னு நான் அதைக் கட்டினேன்னு நெனச்சியா?" என்றாள் மெதுவாக. "சாயங்காலம் ஆனா எனக்கு அந்த வீட்டுல இருக்க முடியல. டிவியைப் போட்டு வச்சுட்டு அடுக்களையில நிக்கிறேன். பக்கத்துல ஒரு கதவு திறந்து மூடுற சத்தம் கேட்டாப் போதும்னு இருக்கு."

"ஏன் பெரில் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நான்தானே எப்பவும் உனக்குச் சொல்றவ!"

நாரிஸ் தட்டை வாங்கி, துண்டை விலக்கி, தொழில் தெரிந்தவன் கண்ணால் கறியைப் பார்த்தான். "தொடைப் பக்கம். நல்லா வெந்திருக்கு. ஆறிடுச்சு, அவ்வளவுதான்," என்றான். உள்ளே போய் உடையாத தட்டுகளைத் தேடிக் கொண்டுவந்தான். மூன்று பேரும் பாலத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து கையாலேயே சாப்பிட்டார்கள். அவர்கள் காலடியில் ஒரு வைக்கோல் துணுக்கு அசையாமல் கிடந்தது. பிறகு யோசித்துப் பார்த்ததுபோல, வந்த வழியே கடலைப் பார்த்து நகர ஆரம்பித்தது.

"நாப்பது வருஷம் இது பக்கத்துலயே இருக்கேன்," என்றாள் பெரில். "ஒரு தடவை இது மேல போனதில்ல."

அந்தக் கோடை முழுவதும் அவர்கள் லிங்கன் பக்கம் அலைந்தார்கள். இலை உதிரும்போது திரும்பி வந்து, குளிர்காலத்துக்கு ஸ்டாக்வித் மதகுக்கு உள்ளே படகைக் கட்டிக்கொள்வது என்று பேசி முடித்திருந்தார்கள். சாயங்காலங்களில் பெரில் வீட்டில் ஒரு கதவு திறந்து மூடும். நாரிஸ் தொட்டியில் கிடந்து பாட்டுப் பாடுவான். தூங்க மட்டும் படகுக்கு. புது அறைகளை ஊர் மருத்துவமனைக்கு வந்த செவிலி ஒருத்திக்கு பெரில் வாடகைக்கு விட்டுவிட்டாள்.

திரும்பும் நாளன்று பெரில் டார்க்ஸிக்கு பஸ்ஸில் வந்து இறங்கினாள். இந்தத் தடவை க்ளெனிஸ் இறங்குகிற ஓதத்தில் போய், சரியான நேரத்தில் திருப்பி, மதகுச் சுவரில் உரசிக் கொஞ்சம் பெயின்ட்டை மட்டும் ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு நுழைந்தாள். அது வரைக்கும், வழி முழுக்க, பெரில் முன்பக்கம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆற்றை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.