நூற்றைந்து பாகை

பஹ்மியின் கடையில் கொம்பியூட்டர் மொனிட்டர் திருத்துவது தவமணியின் வேலை. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பம் படித்தவள். கண்டியில் வங்கி வேலையில் இருந்த தன் ஊர்க்காரன் விவேகானந்தனைக் கலியாணம் முடித்து, அங்கேயே மஹய்யாவையில் வாடகை வீட்டில் குடியிருந்தாள். இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டு அது. வன்னியில் சண்டை மூண்டிருந்தது. வடக்கில் பிறந்தவர்களை, அடையாள அட்டையைக் கண்டதுமே புலிகளென்று சந்தேகித்தார்கள்.

அந்த மாதம் ஒரு தனியார் கொம்பியூட்டர் வகுப்பிலிருந்து மொனிட்டர்கள் மொத்தமாக வந்து இறங்கின. எல்லாவற்றுக்கும் ஒரே நோய். மின்சாரம் கொடுக்கும் பவர் போர்ட்டில், மின்னைத் தேக்கும் கப்பாசிட்டர்களின் தலை உப்பி, சில பழுப்பாகக் கக்கியும் இருந்தன.

"கடைல ஈக்கிறதப் போட்டுக் குடுங்களே, தங்கச்சி" என்றார் பஹ்மி.

"போட்டனான் அண்ணை. போட்டது திரும்பி வந்திட்டுது. இது ரேடியோவுக்குப் போடுற சாமான். இந்தப் போர்ட்டின்ர சூட்டுக்கு நிக்காது. நூற்றைஞ்சு பாகை தாங்கவேணும், உள்ளுக்குத் தடையும் குறைவா இருக்கவேணும். பதினாறு வோல்ட்டுக்குப் பதிலா இருபத்தைஞ்சு போடலாம். ஆனா உயரம் கூடினா மூடி பூட்டேலாது."

கண்டியில் தேடியும் அப்படியொன்று அகப்படவில்லை. விவேகானந்தன் வங்கி அலுவலாகக் கொழும்புக்குப் போக இருந்தான்.

"என்ன வேணுமெண்டு சொல்லு, வாங்கிக்கொண்டு வாறன்."

"இதே மாதிரித்தான். வேற எதையும் தந்தா வாங்காதேங்கோ" என்று பழுதான ஒன்றைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

அவன் கடை கடையாக ஏறி இறங்கிச் சரியானதையே வாங்கினான். திரும்பி வரும் வழியில் பஸ்ஸைப் பொலிஸார் மறித்துச் சோதித்தார்கள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையும் பை நிறையக் கப்பாசிட்டரும் ஒன்றாக அகப்பட்டன. குண்டு செய்யும் சாமானென்று அவனை இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் தவமணி பஹ்மியையும் கூட்டிக்கொண்டு பொலிஸுக்கு ஓடினாள். கையோடு ஒரு பவர் போர்ட்டையும் கொண்டுபோனாள். உண்மையைக் காட்டிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்றுதான் நம்பினாள்.

அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். அவள் போர்ட்டை மேசையில் வைத்து, எது எந்த இடத்தில் இருக்கவேண்டும் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினாள். கண்டியில் கிடைப்பது ஏன் சரிவராது என்றும் சொன்னாள். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். அவர் கேட்கக் கேட்க அவளுக்குத் தைரியம் வந்தது. இன்னும் விவரமாகச் சொன்னாள்.

"இவ்வளவும் எங்கே படித்தீர்கள்?"

"யாழ்ப்பாணத்தில்."

அவர் தலையாட்டுவதை நிறுத்தினார். "அப்படியென்றால் இதை வாங்கிவரச் சொன்னது நீதானா?"

"ஓம், நான்தான்."

பஹ்மி குனிந்து நிலத்தைப் பார்த்தார். சொன்னதெல்லாம் தங்களுக்கே எதிராகிவிட்டதென்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவளைத் தடுத்து வைக்கவில்லை. கைரேகை எடுத்து, கிழமைக்கொரு தரம் வந்து கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். விவேகானந்தனை அவசரகாலச் சட்டத்தில் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். சாமான்களை நிபுணர் பார்த்து அறிக்கை தரவேண்டும், அதுவரை ஒன்றும் செய்ய இயலாது என்றார் அவள் பிடித்த சட்டத்தரணி. அறிக்கை வரவேயில்லை.

ஒருநாள் பஹ்மி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. கடைய ரெண்டு தரம் சோதிச்சிட்டாங்க. எனக்கும் புள்ளகுட்டி ஈக்கிது."

அவள் கோபிக்கவில்லை; வேலையை விட்டு நின்றுகொண்டாள். வீட்டுக்காரரும் வீட்டைக் கேட்டார். யாழ்ப்பாணத்துக்குப் போகச் சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. கண்டிக்குத் தெற்கே கம்பளையில் ஒரு அறையைப் பிடித்து, இருந்த சாமானை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

முகாமில் பார்க்க விட்டபோது நன்றாக மழை பெய்தது. விவேகானந்தன் பாதியாக மெலிந்திருந்தான். அவள் கம்பிவலைக்குக் கிட்டப் போய், "கெதியில விடுவினமாம்" என்றாள்.

அவன் தலையைத் திருப்பினான். "இந்தக் காது இப்ப கேக்கிறேல்லை. மற்றப் பக்கம் வந்து சொல்லு."

அவள் மற்றப் பக்கம் போனாள். அந்தப் பொய்யைத் திரும்பவும் சொல்ல அவளால் முடியவில்லை. நேரம் முடிந்துவிட்டதென்று காவலன் கத்தும்வரை, கம்பியைப் பிடித்தபடியே நின்றாள்.