காது உயரத்தில் ஒரு பெட்டி

புதுப் பெட்டியைத் தரையில் வைக்கவே கூடாது என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் இடி, கச்சேரி மண்டபத்தின் பின்பக்கம் போய், காலிப் பால் கூடைகளை எடுத்துவந்து மேடையில் கவிழ்த்து அடுக்கினான். அவற்றின்மேல் ஸ்பீக்கர் பெட்டி, அதன் தலைமேல் ஆம்ப். பெட்டியின் வாய் அவன் காதுக்கு நேராக வந்தது. இடி என்பது அவனுடைய இசைக்குழு வைத்த பெயர். பகலெல்லாம் டிரில் மெஷினால் சாலையை உடைப்பவன் சாயங்காலம் பேஸ் கிடாரோடு வந்து நின்றால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்.

பழைய பெட்டி ஆளைக் கொல்லும் கனம். அவன் முழங்காலுக்குப் பின்னால் தரையில் கிடக்கும். கூடமே அதிரும், அவனுக்கு மட்டும் கொழகொழவென்று ஓர் உறுமல்தான் கேட்கும். கொஞ்ச காலமாகப் பாட்டு எங்கோ இடறுவது அவனுக்கே உறைத்திருந்தது. குழுவின் பாடகி ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாட்டைத் தொடர்வாள். பெட்டிதான் காலை வாருகிறது என்று முடிவு கட்டினான். நல்லதாக ஒன்று அமைந்தால் எல்லாம் சரியாகிவிடும். நாள் முழுக்க மெஷினோடு உதறிக்கொண்டிருக்கும் உடம்பு, மனுஷனாக நிமிர்ந்து நிற்பது இந்த மேடையில் மட்டும்தான்.

வேண்டாம் என்று மல்லுக்கு நின்றவன் அவன் மனைவியின் தம்பி, குழுவின் டிரம்மர். பழசுக்கு என்ன கேடு, அந்த உறுமலில்தானே நமக்கு மவுசு என்று கடைவாசல் வரை வாதாடினான். கடைக்குள் இடி ஒவ்வொரு பெட்டியாக வாசித்துப் பார்க்க, மச்சினன் இருப்பதிலேயே கலங்கலாகக் கேட்டதைக் கைகாட்டினான்.

"காதுல என்னடா பஞ்சா வச்சிருக்க?" என்று இடி சிரித்தான். மச்சினன் சிரிக்கவில்லை.

இப்போது மேடையில் ஆம்பின் குமிழ்களை நடுவில் நிறுத்திக் கம்பியைச் சுண்டினான். ஒவ்வொரு சுரமும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போலத் துலக்கமாக இருந்தது. மனசு குளிர்ந்துபோய், கூட்டம் வருவதற்குள் ஒரு பாட்டு வாசித்துப் பார்ப்போம் என்றான்.

மெதுவான இடம் வரை பழுதில்லை. விரல் ஓட வேண்டிய இடத்தில் ஒரு சுரம் விழவே இல்லை. அடுத்தது பாதியில் நழுவியது. அதைவிட மோசமாக இன்னொன்றும் கேட்டது. டிரம் அடி ஒவ்வொன்றும் அவன் சுரத்துக்காகத் தயங்கி நின்று, அது வந்த பிறகே விழுந்தது. ஆம்பின் குமிழைத் திருகிப் பார்த்தான். கோளாறு அங்கே இல்லை. ஆட்காட்டி விரல் கம்பியைத் தொட்டதா இல்லையா என்று விரலுக்கே தெரியவில்லை. காலையில் வெளுத்து மரத்துப்போகும் விரல்தான். மெஷின் பிடிக்கிறவனுக்கு இது சகஜம் என்று தேய்த்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போவான்.

நிறுத்தினான். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று பாடகி மேடையை விட்டு இறங்கினாள். யாரையும் பார்க்காமல் இறங்கினாள்.

இடி டிரம் பக்கம் திரும்பினான். "எப்போலேருந்துடா எனக்காக நின்னு அடிக்கிற?"

முறுக்க ஏதுமில்லாத திருகாணி ஒன்றை மச்சினன் முறுக்கிக்கொண்டிருந்தான். "போன மழைக்காலத்துலேருந்தே மாமா."

"உங்கக்காவுக்குத் தெரியுமா?"

"உங்க சட்டைக்குப் பொத்தான் போட்டு விடுறது அவதானே."

கச்சேரிக்குக் கிளம்பும்போது, அவன் கை வைப்பதற்குள் அவள் ஓடிவந்து பொத்தான் மாட்டிவிடுவாள். ஆசை என்றுதான் நினைத்திருந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா வாசிக்கிறதையே விட்டுடுவீங்க. அப்புறம் வெறும் மெஷின்தானே உங்களுக்கு. பழைய பெட்டியில ஒண்ணும் தெரியாது மாமா. நான் சமாளிச்சிட்டிருந்தேன்."

கூடத்தில் நாற்காலிகள் இழுபட ஆரம்பித்தன. பாடகி மேலே வந்து, மைக்கைச் சரிசெய்துகொண்டு, எதிலே தொடங்கலாம் என்று பொதுவாகக் கேட்டாள்.  இடி வலது கையைக் கக்கத்துக்குள் செருகி, சூடு ஏறும்வரை நின்றான். பிறகு எடுத்துக் கம்பிமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்த்தான். மச்சினனின் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. கண் இமைக்காமல் அவன் இடியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.