கொக்குக்குப் பசிக்கவில்லை

1.

இந்தக் கதை ஒரு சமையல் குறிப்பாகப் பிறந்திருக்க வேண்டியது. மாதப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "வளர்ற பிள்ளைங்களுக்கு வயிறு ரொம்பணும், பெத்தவங்களுக்குக் கையைக் கடிக்கக் கூடாது. அந்த மாதிரி சாப்பாடு, நொறுக்குத்தீனி எல்லாம் மாசாமாசம் எழுதிக் குடுங்க" என்றார். எனக்குச் சமைக்கத் தெரியாது என்றேன். "அதனால என்ன, எழுதத் தெரியுமே" என்றார். அன்றிலிருந்து முட்டை, ரொட்டி, உருளைக்கிழங்கு, பயறு பற்றியெல்லாம் நாக்கில் எச்சில் ஊற எழுதிவருகிறேன். எனக்கும் அடுப்பங்கரைக்கும் உள்ள உறவு தண்ணீர் குடிக்கப் போவதோடு சரி.

இந்த மாதக் குறிப்புக்காகத்தான் உட்கார்ந்தேன். வந்தது இது. போன சனிக்கிழமைக்குப் பிறகு எனக்கு வேறெதுவும் ஓடவில்லை, ஆசிரியர் அம்மா மன்னிக்க வேண்டும்.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: "அவள் தட்டைத் தள்ளி வைத்தபோது வானம் இருண்டது." வானம் பாட்டுக்கு இருந்தது. எங்கள் சமையலறையில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அடித்துவிட்டேன்.

அடுத்தது: "பசி என்பது மனிதனின்" [வேண்டாம். மூன்று வேளையும் அக்கா கையால் சாப்பிடுகிறவன் பசியைப் பற்றித் தத்துவம் பேசினால் கரண்டி பறந்து வரும்.]

சரி, உள்ளதை உள்ளபடி. என் அக்காவுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடுகிறாள். கழுத்தும் காலும் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டதால் வீட்டில் அவள் பெயர் கொக்கு. அக்கா, கொக்கு, நான், மூவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அக்காவுக்கு வேலை ஹோட்டல்களின் துணி வெளுக்கும் கூடத்தில். பகலெல்லாம் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடித்துவிட்டு வந்து, கை கால் கழுவியதும் அடுப்பைப் பற்ற வைப்பாள். கொக்குக்காகவே அவள் கண்டுபிடித்த ஒன்று உண்டு. வேகவைத்த உருளைக்கிழங்கு, நேற்றைய ரொட்டி, முட்டை, மிஞ்சிய காய்கறி எல்லாவற்றையும் பிசைந்து வாணலியில் அழுத்தி இரண்டு பக்கமும் முறுகவிட்டது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சிமெண்ட்.*

* பெயர் வைத்தவள் கொக்கு. ஒரு வட்டு சாப்பிட்டால் வயிற்றில் கட்டடமே எழுப்பலாம் என்பாள். முன்பெல்லாம் இரண்டு வட்டு சாப்பிட்டுவிட்டு வாணலியையும் சுரண்டுவாள்.

அந்தக் கொக்கு திடீரென்று ஒருநாள் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏன்டி?"

"பசிக்கலம்மா."

மறுநாளும் அதே பதில். அதற்கு மறுநாளும்.

3.

[இந்தப் பகுதி இருக்கலாமா கூடாதா என்பது இன்னும் முடிவாகவில்லை.]

பிள்ளை சாப்பிடவில்லை என்றால் எந்த அம்மாவும் கவலைப்படத்தான் செய்வாள். ஆனால் என் அக்காவின் முகம் வெளுத்ததற்குக் காரணம் வேறு. அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, நோய் அப்படித்தான் ஆரம்பித்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. நல்ல சாப்பாட்டுக்காரர். ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்து "பசிக்கல" என்றார். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வெளியில எதையாவது மொக்கிட்டு வந்திருப்பீங்க" என்று சிரித்தாள். பிறகு நாங்கள் சிரிக்கவே இல்லை.

கொக்கு அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். அப்பா நோயில் போனார் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். நோய் எந்த வார்த்தையோடு வீட்டுக்குள் வந்தது என்று தெரியாது. அக்கா சொன்னதில்லை.

அதனால் கொக்கு "பசிக்கல" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பந்தைத் தட்டிக்கொண்டு போவாள். இங்கே அடுப்பருகில் ஒருத்தி அந்தப் பாதித் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் என்ன செய்தேன்? "இந்த வயசுல அப்படித்தான்க்கா" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

4.

சனிக்கிழமை கொக்கை டாக்டரிடம் கூட்டிப்போனோம். அத்தானைப் பார்த்த அதே டாக்டர். [இந்த இடத்தில் காத்திருப்போர் அறையை விரிவாக எழுதிவைத்திருந்தேன்: மின்விசிறி, பழைய பத்திரிகைகள், இருமல். அக்கா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மின்விசிறிக்கு என்ன வர்ணனை? எடுத்துவிட்டேன்.]

டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கினார், எடை பார்க்கும் மெஷினில் ஏறச் சொன்னார். முள்ளைப் பார்த்தார். பழைய சீட்டைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார். அந்த நேரத்தில் அக்கா என் கையைப் பிடித்த பிடி இருக்கிறதே, நகம் பதிந்த இடம் இன்னும் எரிகிறது.

"இவ சாப்பிடறதில்லன்னா சொல்றீங்க?" என்றார் டாக்டர். "போன தடவைக்கு இப்ப நல்லாவே ஏறியிருக்கும்மா."

"மெஷின் சரியா இருக்கா பாருங்க" என்றாள் அக்கா.

"புது மெஷின்மா."

"டேய், நீ ஏறுடா."

ஏறினேன். மெஷின் சரியாகத்தான் இருந்தது. என் தொப்பைக்கு அது கொடுத்த கணக்கில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. டாக்டர் சிரித்துவிட்டார்.

அக்கா சிரிக்கவில்லை. கொக்கு படுத்து எழுந்த கட்டிலின் விரிப்பை உருவி, உதறி, மூலைக்கு மூலை சேர்த்து மடிக்க ஆரம்பித்தாள். "அத நாங்க பாத்துக்கறோம்மா" என்றாள் நர்ஸ். அக்காவின் காதில் விழவில்லை. மடித்து முடித்து, அதன்மேல் நெற்றியை வைத்து, விக்கி விக்கி அழுதாள்.

[அக்கா இதைப் படித்துவிட்டு: "நான் எங்கடா விக்கி விக்கி அழுதேன்?" சரி. அழுதாள். எப்படி அழுதாள் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.]

5.

வெளியே வந்ததும் விசாரணை நடந்தது.

"எங்கடி சாப்பிடற?"

கொக்கு என்னைப் பார்த்தாள். "மாமா, கோச்சுக்கக் கூடாது."

"நான் ஏன் கோபப்படப் போறேன்?"

"நீங்க பத்திரிகைல எழுதறதெல்லாம் நாங்க செஞ்சு பாக்கறோம். எங்க டீம் மொத்தமும். கேப்டன் வீட்ல, ஸ்கூல் விட்டதும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசகர்கள் என்று எனக்கு யாராவது இருப்பார்கள் என்றே நான் நினைத்ததில்லை.

"நல்லா இருக்கா?" என்று கேட்டேன். எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்?

"பயறை ஊற வைக்கணும்னு நீங்க எழுதவே இல்ல மாமா. கேப்டனுக்குப் பல்லு ஆடிப்போச்சு. அந்த முட்டை ரொட்டி உள்ள அப்படியே பச்சை. தூக்கிப் போட மனசு வருமா? நாங்களே சரி பண்ணி, சரியா வர்ற வரைக்கும் செஞ்சு, எல்லாத்தையும் தின்னுடுவோம். அப்புறம் வீட்டுக்கு வந்தா அம்மா சிமெண்ட் வச்சிருக்காங்க. நானும் எவ்ளோதான் திங்கறது?"

"இத என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் அக்கா.

"வேலை முடிஞ்சு நின்னு சமைக்கறீங்க. வேற எடத்துல தின்னுட்டு வந்துட்டேன்னு எப்படிம்மா சொல்றது? மாமாகிட்டயும் சொல்ல முடியல. பாவம், ஆசையா எழுதறாரு. அதான் பசிக்கலன்னு சொன்னேன். அதுல என்ன இருக்கு?"

அதில் என்ன இருக்கிறது என்று அக்கா சொல்லவில்லை. மகளின் முதுகில் ஓர் அடி வைத்தாள். அந்தக் கையை எடுக்காமலே பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். எனக்கோ காற்றில் மிதப்பதுபோல் இருந்தது. ஒரு பொல்லாத சனியன் எங்கள் தெருவரை வந்து, வீடு தெரியாமல் திரும்பிப் போயிருந்தது.

6.

இங்கே முடித்திருக்கலாம். இரண்டு முடிவுகள் கைவசம் இருந்தன.

ஒன்று: அணி மொத்தமும் எங்கள் வீட்டுக்கு வருகிறது, அக்கா சிமெண்ட் போட்டுப் போட்டு ஓய்ந்துபோகிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். [இது நடக்கத்தான் போகிறது. ஆனாலும் முடிவாகாது.]

மற்றொன்று: அக்கா மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்கிறாள். எழுதிப் பார்த்தேன். "கேளும்மா, உங்கப்பா" என்று வாயைத் திறந்த அக்கா அதற்கு மேல் பேச மறுத்துவிட்டாள். காகிதத்தில்கூட அவளுக்கு வரவில்லை.

அதனால் இன்று மாலை, ஐந்தாம் பகுதி வரைக்கும் உள்ள தாள்களை அக்காவிடமே கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். அழுகையைப் பற்றி அப்போதுதான் சண்டை போட்டாள். மூன்றாம் பகுதியில் மறுபடி போய் நின்றாள்.

"எடுத்துடறேன்க்கா" என்றேன். "நான் எழுதறது எதையும் கொக்கு விடமாட்டா, படிச்சிடுவா."

"படிக்கட்டும்."

"நெஜமாவா?"

"என் வாயால வரமாட்டேங்குதுடா. உன் எழுத்தாலயாவது வரட்டும்."

தாள்களைக் கொக்கின் அறையில் வைத்துவிட்டு வந்து, நாளைக்குத் தேவைப்படாத ஒரு சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். நான் எதிரே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளே தாள் புரளும் சத்தம் கேட்கிறது. முதலில் ஒரு சிரிப்பு, சிமெண்ட் வந்திருக்கும். பிறகு சத்தமே இல்லை. நெடுநேரமாக இல்லை.

"எந்த எடத்துல இருப்பா?" என்கிறாள் அக்கா.

எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

உள்ளேயிருந்து "அம்மா" என்று ஒரு குரல்.

அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போகிறாள். கதவைச் சாத்தவில்லை. அவர்கள் பேசிக்கொள்வது எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்கிறது. நான் பேனாவை மூடிவைக்கிறேன். இதற்கு மேல் உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்; அங்கே பேசுவது எனக்குச் சொன்னதல்ல.