சீழ்க்கைச் சகரம்

ரங்கூன் துறைமுகத்தை ஒட்டிய ஆபீசொன்றில் குழந்தைவேலு நகல் எழுதுபவர். துரை கிறுக்கியதை அச்சுக்கு அழகாகப் படியெடுக்க வேண்டும். ஈயடிச்சான் காப்பி என்பார்களே, அதில் அவருக்குப் பதினோரு வருஷப் பழக்கம். துரைக்கோ, யாரும் கேள்விப்படாத மொழிகளின் ஒலிகளைப் பிரித்துப் புத்தகம் போடும் பைத்தியம்.

அந்த வாரம் அகப்பட்டவன் காய்தோ. அபிசீனியாவின் தென்கோடி மலைக்காரன். கப்பலில் கரி அள்ளிப் போடுபவன். தொண்டையை அடைத்துத் தெறிக்க விடும் ககரம், ஏற்றி இறக்கினால் பொருளே மாறும் சுரம் என்று துரை எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் குறித்து வந்தார். அவனைச் சொல்லவைத்த சொற்பட்டியலில் பாதி முடிந்தபோது சகரத்தில் வந்தது வினை. காய்தோவின் சகரம் சீழ்க்கையடித்தது. ‘இந்த இனத்தார் பறவைபோல் சீழ்க்கையிடுகிறார்கள், மனிதப் பேச்சின் முதிராத நிலை’ என்று துரை அரைப்பக்கம் எழுதித் தள்ளினார்.

படியெடுக்க உட்கார்ந்த குழந்தைவேலுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காய்தோவுக்கு முன்பல் நாலும் இல்லை என்பது குருடனுக்கும் தெரியுமே. துபாஷி ஜாபரைக் கூப்பிட்டார்.

“இவனுக்குப் பொறந்ததுலேருந்தே இப்டியா தம்பி?”

“கப்பல்ல வெள்ளக்கார எஞ்சினீரு இரும்புக் கம்பியால அடிச்சதுண்ணே. போன மாசந்தான். பல்லு போனா சொல்லு போச்சு.”

துரையிடம் போய்ச் சொன்னார். துரை தலையே தூக்கவில்லை. “எழுதியிருப்பதை எழுது” என்றார்.

அடிப்பதையும் அடித்துவிட்டு, அடிபட்டவன் பிறவியே அப்படி என்று புத்தகத்திலும் போடுவார்களாம். அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? பதினோரு வருஷத்தில் முதல்முறையாகக் குழந்தைவேலு நகலில் சொந்தமாக ஒரு வரி சேர்த்தார்: ‘இது மொழியின் ஒலி அன்று. கப்பல் எஞ்சினீயர் பல்லை உடைத்ததால் வந்தது.’

துரை தாளைக் கிழித்தெறிந்தார். நாளை முதல் வரவேண்டாம் என்றார். வேறொரு எழுத்தரை உட்காரவைத்து, மீதிச் சொற்களைச் சொல்லும்படி காய்தோவை அதட்டினார்.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கென்று காய்தோ ஜாபரிடம் கேட்டான். ஜாபர் ஒளிக்காமல் இந்துஸ்தானியில் சொல்லிவிட்டான். காய்தோ தாழ்ந்த குரலில் ஏதோ பதில் சொன்னான்.

“என்னவாம்?” என்றார் வாசலில் நின்ற குழந்தைவேலு.

“‘எங்காத்தா இப்டிப் பேசமாட்டா’ங்கிறாண்ணே.”

காய்தோ உதடுகளை மூடிக்கொண்டான். துரை மிரட்டினார், கெஞ்சியும் பார்த்தார். பாதிச் சொற்களை வைத்துக்கொண்டு அவரால் புத்தகம் போட முடியாது. மூன்றாம் நாள் கப்பல் கிளம்பும்வரை காய்தோ அவர் முன்னால் வாயைத் திறக்கவேயில்லை.