ஜன்னல் பக்கத்துக் கண்

அம்மாவின் இடது கண்ணில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. யார் கேட்டாலும் முந்திரி எண்ணெய் தெறித்தது என்று சொல்லிவிடுவாள். எண்ணெய் தெறித்தது உண்மைதான். மீதி என்னால் வந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம், சித்திரை மாதம். உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். முந்திரிக்கொட்டை வறுக்கும்போது ஒரு கொட்டை வெடித்து எண்ணெய் அம்மாவின் இரண்டு கண்ணிலும் அடித்தது. அரியலூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுக்க வைத்திருந்தார்கள். வலது இமை வெந்து வீங்கியிருந்ததால் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கண்தான் மோசமாகத் தெரியும். ஆனால் புண் இருந்தது இடது கருவிழியில். டார்ச் அடித்தால்தான் அது தெரியும்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சுந்தராம்பாள் எனக்குச் சொட்டு மருந்து போடக் கற்றுக்கொடுத்தார். இடது கண்ணில் மட்டும், ஒரு நாளைக்கு மூன்று தடவை. மற்றதில் போட்டால் நல்ல கண்ணும் கொஞ்ச நாள் மங்கிப்போகும் என்றார். என் மகள் எட்டாவது படித்தவள், எல்லாம் செய்துவிடுவாள் என்று அம்மா சொன்னாள். அந்த வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன் என்பதைச் சொல்லவில்லை. கட்டிலுக்கு வடக்கே ஜன்னல். நான் ஜன்னலோரம் நின்று குனிந்து, எனக்குக் கிட்ட இருந்த கண்ணில் ஒரு சொட்டு விட்டேன். கை நடுங்கவில்லை என்று நர்ஸ் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, ஆஸ்பத்திரியில் மேற்கே தலை வைத்துப் படுத்ததில் மூன்று நாளாகத் தூக்கமே இல்லை என்று சொல்லி, வழக்கம்போல் கிழக்கே தலை வைத்துப் படுத்தாள். எங்கள் வீட்டில் வாசல் வடக்கே. நான் வாசல் பக்கம் நின்று குனிந்து, கிட்ட இருந்த கண்ணில் மருந்தை விட்டேன்.

"பீச்சாங்கைப் பக்கம்தானே புள்ள டாக்டரு டார்ச் அடிச்சுப் பாத்தாரு?" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியும். பேசாம படும்மா."

அவள் பேசாமல் படுத்தாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

நான்காம் நாள் காலையில் அம்மா தண்ணீர்க் குடத்தைக் கையால் தடவித் தேடினாள். ஒரு கண்ணில் ஊசி குத்துவதுபோல் வலி, இன்னொன்றில் எல்லாம் புகை. கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏற்றினேன்.

அதே கட்டில். டாக்டர் டார்ச்சை எடுத்ததும் என் கால்கள் தாமாக ஜன்னலோரம் போய் நின்றன. குனிந்து பார்த்தேன். கிட்ட இருந்தது இடது கண். வீட்டில் அத்தனை நாளும் கிட்ட இருந்தது இது இல்லை. தலைமாடு மாறினால் கண்ணும் மாறும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இடது எது, வலது எது என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். ஆனால் நர்ஸ் சொன்ன சொல் என்னிடம் தங்கவில்லை. நின்ற இடமும், குனிந்த விதமும், முகத்தில் அடித்த வடக்கு வெளிச்சமும்தான் தங்கியிருந்தன. அதைத்தான் எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறேன்.

மருந்து முழுக்க நல்ல கண்ணுக்குப் போயிருக்கிறது என்றார் டாக்டர். யார் போட்டது என்று கேட்டார்.

"நானேதாங்க போட்டுக்கிட்டேன்" என்றாள் அம்மா.

டாக்டர் அவளை நன்றாகத் திட்டினார். அடுத்த கட்டில்காரி, "சோத்துக்கை பீச்சாங்கை தெரியாத சனமும் இருக்கு பாரு" என்று சிரித்தாள். அம்மாவும் அவளோடு சேர்ந்து சிரித்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

நல்ல கண் பத்து நாளில் தெளிந்துவிடும், இடது கண்ணில் தழும்பு நிற்கும், இனியும் மருந்து தவறினால் பார்வையே போய்விடும் என்றார் டாக்டர். புது மருந்தை என் கையில் கொடுத்தார்.

"நீ படிச்ச பொண்ணுதானே. இனிமே அம்மாகிட்ட விடாத, நீயே போடு."

மருந்து கையில் இருந்தது. வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். அம்மா யாரிடமும் சொல்லமாட்டாள்.

"நான்தாங்க போட்டேன்" என்றேன். டாக்டர் காதில் விழவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன். "அம்மா சரியாத்தான் கேட்டுச்சு. நான்தான் பேசாம படுன்னேன்."

அடுத்த கட்டில்காரியின் சிரிப்பு நின்றது. டாக்டர் நர்ஸைப் பார்த்தார். இங்கேயே ஒரு தடவை போட்டுக் காட்டு என்றார் நர்ஸ். அம்மாவை என் எதிரே ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் எனக்குப் பின்னால் இருந்தது. இரண்டு கண்ணும் ஒரே தூரத்தில் இருந்தன. சீசாவைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

எல்லோருக்கும் கேட்கும்படி, "எந்தக் கண்ணும்மா?" என்றேன்.

அம்மா தன் இடது கையால் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கை தானாக எந்தப் பக்கம் போயிற்றோ, அந்தப் பக்கம், தன் இடது கன்னத்தில் என் விரலைக் கொண்டுபோய் வைத்தாள். சொட்டு விழும்வரை கையை விடவில்லை.