முப்பத்தோராம் கொக்கி

முழங்கால் அறுவை சிகிச்சைக்காக எடுத்த இரண்டு மாத விடுப்பு முடிந்து பதிவேட்டம்மா வேலைக்குத் திரும்பிய அன்று, அருங்காட்சியக வாசலில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் வரலாற்றுக்கென்று புதுக் கூடம். பதினோரு மணிக்குத் திறப்பு விழா. முப்பது வருடமாக இந்தக் கட்டடத்துக்குள் வருகிற ஒவ்வொரு உடைந்த ஜாடிக்கும் துருப்பிடித்த பூட்டுக்கும் எண் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றி, பொருளின் அடியில் அந்த எண்ணை மெல்லிய தூரிகையால் எழுதி வைப்பவள் அவள்தான். அதனால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில் தேடினால்தான் உண்டு.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேரே நூல் ஆலைப் பகுதிக்குப் போனாள். டோக்கன் பலகையை நடுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். முன்னால் ஒரு கயிற்றுத் தடுப்பு, மேலே தனி விளக்கு. பலகையில் அறுபத்து நான்கு கொக்கிகள். அறுபத்து நான்கிலும் பித்தளை டோக்கன்கள், தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று.

ஒரு நிமிடம் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஓடியபோது கயிற்றுத் தடுப்பை ஒட்டி நின்று ஒவ்வொரு கொக்கியாக எண்ணினாள்.

அந்தப் பலகை என்ன சொல்ல வேண்டும் என்று இந்த ஊரில் அவளுக்கு மட்டுமாவது தெரியும். ஆலைக்குள் நுழையும்போது தொழிலாளி தன் எண் போட்ட டோக்கனைக் கொக்கியிலிருந்து எடுத்து மடியில் முடிந்துகொள்வார். வேலை முடிந்து வெளியே வரும்போது திரும்ப மாட்டுவார். கொக்கியில் டோக்கன் தொங்கினால் ஆள் வெளியே. கொக்கி காலியாக இருந்தால் ஆள் உள்ளே. படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிந்த கணக்கு அது.

நாற்பத்தாறு வருடத்துக்கு முன்னால் பட்டப்பகலில் பஞ்சுக் கிடங்கு தீப்பிடித்தது. தப்பி வந்தவர்கள் இருமிக்கொண்டே வந்து ஒவ்வொருவராக டோக்கனை மாட்டினார்கள். உயிர் போகிற நேரத்திலும் பழக்கம் விடுமா? கடைசியில் பதினேழு கொக்கிகள் காலியாக நின்றன. பதினாறு உடல்கள் கிடைத்தன. கூடவே சாம்பலில் பதினாறு டோக்கன்கள். முப்பத்தொன்று மட்டும் கிடைக்கவில்லை. அந்த எண்ணுக்கு உரியவளும் கிடைக்கவில்லை. அவள் பதிவேட்டம்மாவின் அக்கா. இருபது வயது, கல்யாணமாகி ஒரு வருடம்.

நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? இறந்தவர்கள் பதினாறு பேர் என்று எழுதியது. முப்பத்தோராம் எண் தொழிலாளி அன்று மதியமே வேலையை விட்டு வெளியேறிவிட்டார், அதன்பின் எங்கே போனார் என்று தெரியாது என்று எழுதியது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது ஊருக்கு. எங்கே போனாள், யாரோடு போனாள் என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த அத்தான், பெண்டாட்டி ஓடிப்போனவன் என்ற பட்டத்தோடு இருபத்தைந்து வயதிலிருந்து எழுபத்தொன்று வரை அதே தெருவில் நடந்திருக்கிறார். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொண்டால் அவர்கள் சொன்னதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பார்.

பலகை தீயில் போய்விட்டது என்றுதான் விசாரணையில் சொன்னார்கள். அது போகவில்லை. ஆலையின் நேரக் காப்பாளர் அதை அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய், தன் வீட்டு அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தார். பதினாறு டோக்கன்களும் ஒரு தகர டப்பாவில். வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றபின் அருங்காட்சியகத்தில் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் விசாரணைக் கோப்பு மட்கிப்போயிருந்தது. பதிவேட்டம்மா அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, அழுதுகொண்டே ரசீது எழுதினாள்.

அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக, தீப்பிடித்த தேதியில் அத்தான் கிடங்கறைக்கு வருவார். அவள் பலகையைத் துணி நீக்கிக் காட்டுவாள். காலியாக நிற்கும் முப்பத்தோராம் கொக்கியைப் பார்த்துவிட்டுப் போவார். தன் பெண்டாட்டி ஆலைக்குள் போனாள், திரும்பி வரவில்லை என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்த ஒன்றுமில்லாத கொக்கிதான். இன்று எல்லோரும் பார்க்க அது சுவரில் ஏறப்போகிறது என்று விடுப்பில் இருந்தபடியே அவருக்குச் சொல்லி அனுப்பியவளும் அவள்தான்.

இப்போது அந்தக் கொக்கியில் ஒரு டோக்கன் தொங்குகிறது. கீழே அழகான எழுத்தில் ஒரு விளக்க அட்டை: 'வேலை முடிந்ததும் தொழிலாளர்கள் தத்தம் டோக்கனை மாட்டிவிட்டு மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினர்.'

மகிழ்ச்சியுடனாம்.

"அம்மா! வந்துட்டீங்களா?" பின்னாலிருந்து பசை ஓடிவந்தான். உடைந்ததை ஒட்டுகிறவன், ஓட்டையை அடைக்கிறவன், அதனால் அவன் பசை. "முப்பத்தொண்ணப் பாத்தீங்களா? எது பழசு, எது நான் செஞ்சதுன்னு சொல்லுங்க பாப்போம்! அந்த ஒண்ணு மட்டும் டப்பாவுல இல்ல. மூணு நாள் உக்காந்து செஞ்சேன். பல்லுபோன ஓரத்தக்கூட விடல."

அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்கு ஓங்கி அறையவும் தோன்றியது, உட்கார்ந்து அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல், அந்த எண் யாருடையது என்று நாலு வாக்கியத்தில் சொன்னாள். பசையின் முகம் தொங்கிப்போயிற்று.

"என்கிட்ட யாருமே சொல்லலியேம்மா."

"பதிவேட்டுல இருக்குடா. குறிப்புல எழுதியிருக்கேன்."

"எனக்கு யாரும்மா பதிவேட்டக் காட்டுறா? காலியா இருக்கு, நிரப்புன்னாங்க. நிரப்பினேன்."

அதுவும் நியாயம்தான். அவள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு காப்பாட்சியர் அறைக்குப் போனாள். காப்பாட்சியர் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கெட்ட மனிதர் இல்லை. எதையும் நேர்த்தியாக வைக்க வேண்டும் என்ற வியாதி மட்டும் உண்டு. அவர் மேஜையில் பென்சில்கள்கூட உயர வரிசையில்தான் படுத்திருக்கும்.

"சார், பலகைல எல்லா டோக்கனையும் மாட்டச் சொன்னது நீங்களா?"

"நல்லா வந்திருக்குல்ல?" என்றார். "பாதி பலகைல, பாதி டப்பாவுலன்னு கிடந்துச்சு. அதுவும் டப்பால இருந்ததெல்லாம் ஒரே கரி. கழுவறதுக்கே ரெண்டு நாள் ஆச்சாம்."

"கழுவிட்டீங்களா?"

"பின்ன, அழுக்கோட வைக்கவா?"

அவள் பதிவேட்டைப் பிரித்து, குறிப்பு என்ற கட்டத்தில் விரலை வைத்தாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய அவள் கையெழுத்து. 'பதினேழு கொக்கிகள் காலி. காலியாகவே வைக்க வேண்டும். கரியை நீக்கக் கூடாது. காரணம் பின்பக்கம்.' பின்பக்கம் முழுதும் காரணம் இருந்தது. அவர் படித்தார். படிக்கப் படிக்க அவர் காது சிவந்ததை அவள் பார்த்தாள். ஆனால் படித்து முடித்ததும் அவர் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"கூடம் அமைச்சவங்களுக்குப் போட்டோவும் அளவும்தான் அனுப்பினோம். குறிப்பெல்லாம் போகல. தப்புதான். ஆனா இன்னும் கால் மணி நேரத்துல விருந்தாளி வந்துடுவார்."

"கால் மணி நேரம் எதுக்கு சார்? பத்து நிமிஷத்துல கழட்டிடலாம்."

"பதினேழு இடம் காலியா நின்னா, நாம தொலைச்சிட்டோம்னு நினைப்பாங்க. விளக்க அட்டையும் அடிச்சாச்சு. விழா முடியட்டும், ஒரு குழு போட்டு ஆற அமர முடிவு பண்ணலாம்."

"யாரு சார் விருந்தாளி?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "ஆலை முதலாளியோட பேரன். கூடத்துக்கு விளக்கெல்லாம் அவர் உபயம். நல்ல மனுஷர்."

இருக்கட்டும். தீப்பிடித்தபோது அவர் பிறந்திருக்கவே மாட்டார், அவர் மேல் அவளுக்கு என்ன கோபம்? ஆனால் தாத்தா காகிதத்தில் எழுதிய பொய்யை, பேரன் வாங்கிக்கொடுத்த விளக்கின் கீழே, அவள் எண் போட்ட பலகையிலேயே மாட்டிவைத்திருக்கிறார்களே, அதை எப்படிப் பொறுப்பது? யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அன்றைக்குப் பொய் சொல்லக் கஷ்டப்பட்டார்கள். ஆள் பிடித்தார்கள், காகிதம் தயாரித்தார்கள். இன்றைக்கு ஒரு பாட்டில் பாலிஷ் போதுமானதாக இருந்திருக்கிறது.

அருங்காட்சியகத்தில் எந்தப் பொருளையும் அசைப்பதற்கு ஒரு சீட்டு உண்டு. காப்பாட்சியர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தொடலாம். அந்த விதியைக் கொண்டுவந்தவளே பதிவேட்டம்மாதான். ஒரு முறை அமைச்சர் ஒருவர் பழைய வாளைக் கையில் பிடித்துப் படம் எடுக்க ஆசைப்பட்டபோதுகூட, சீட்டு இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பியவள். இப்போதும் முறைப்படி சீட்டை எழுதி நீட்டினாள். காப்பாட்சியர் பேனாவை எடுக்கவில்லை.

"அம்மா, புரிஞ்சுக்குங்க. விழா முடியட்டும்."

"எங்க அத்தான் வர்றார் சார். அதுக்கு முன்னாடி கழட்டணும்."

"நான் வேணா அவர்கிட்ட பேசுறேன்."

பேச வேண்டியிருக்கவில்லை. அவள் கூடத்துக்குத் திரும்பியபோது அத்தான் ஏற்கெனவே பலகையின் முன்னால் நின்றிருந்தார். வயதானவர் வெயிலில் நிற்கிறாரே என்று காவலாளி முன்கூட்டியே உள்ளே விட்டிருக்கிறான். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. பசை ஒரு தூணுக்குப் பின்னால் பதுங்கியிருந்தான்.

அத்தான் திரும்பிப் பார்த்தார். கோபமாகக் கேட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"பாப்பா," என்றார், "அவ வெளிய வந்துட்டாளா?"

பதிவேட்டம்மா கைத்தடியைக் கீழே போட்டாள். மடக்கவே கூடாது என்று மருத்துவர் சொன்ன காலை மடக்கி, கயிற்றைத் தாண்டினாள். கையுறை இல்லை, சீட்டு இல்லை. முப்பத்தொன்றைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். முப்பது வருடத்தில் முதல் முறையாகத் தன் விதியைத் தானே மீறி.

"அம்மா! தொடாதீங்க!" காப்பாட்சியர் ஓடி வந்தார். "சீட்டு இல்லாம... நீங்க போட்ட விதிதானே!"

"ஆமா சார். என் மேல நடவடிக்கை எடுங்க." டோக்கனை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "இது உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும். எங்கக்கா வெளிய வர்ற அன்னிக்கு மாட்டிக்கலாம்."

காப்பாட்சியர் மூடிய கையோடு அப்படியே நின்றார். பதிவேட்டம்மா அடுத்ததைக் கழற்றினாள். பசை தூணுக்குப் பின்னாலிருந்து வந்து தகர டப்பாவை நீட்டினான். எந்தெந்த எண்கள் என்று அவள் பதிவேட்டைப் பார்க்கவேண்டியிருக்கவில்லை. வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தமும் கைதட்டலும் கேட்டன. காப்பாட்சியர் ஒரு முறை வாசலைப் பார்த்தார், ஒரு முறை அத்தானைப் பார்த்தார். பிறகு அந்த விளக்க அட்டையைச் சுவரிலிருந்து தானே பிய்த்து எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

பதினேழும் டப்பாவுக்கும் கைக்கும் வந்துசேர்ந்தபோது கூட்டம் உள்ளே வந்துவிட்டது. மாலையும் கழுத்துமாக வந்த முதலாளியின் பேரன், கயிற்றுக்கு உள்ளே மூச்சு வாங்க நின்ற பெண்ணைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். உண்மையிலேயே அக்கறையாகத்தான் கேட்டார்.

"இதெல்லாம் காலியா இருக்கே, காணாமப் போயிடுச்சா?"

காப்பாட்சியர் வாயைத் திறந்தார். அத்தான் முந்திக்கொண்டார். நாற்பத்தாறு வருடமாகத் தெருவில் யாருக்கும் பதில் சொல்லாத மனிதர், கூடத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"முப்பத்தொண்ணு என் சம்சாரம் தம்பி. அவ எங்கயும் போகல. காலைல உங்க ஆலைக்குள்ள வேலைக்குப் போனா, இன்னும் வெளிய வரல."